மனிதவளப் பேராசிரியராக விரும்பும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலையிடத்தில் மனிதர்கள் தனியாகவும் குழுவாகவும் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று கேட்பது நிறுவன நடத்தையியல். ஆள் எடுப்பது, பயிற்சி, ஊதியம், பதவி உயர்வு, குறைதீர்ப்பு ஆகியவற்றை ஒரு நிறுவனம் எப்படி நடத்துகிறது, அதனால் என்ன விளைகிறது என்று கேட்பது மனிதவள மேலாண்மை. எம்.பி.ஏ. முடித்து எச்.ஆர். வேலைக்குப் போக விரும்புவோர் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதே பாடத்தைக் கற்பிக்கவும் அதில் ஆய்வு செய்யவும் விரும்புவோர் மிகச் சிலரே. அவர்களுக்கு வழி சொல்ல வீட்டிலும் ஊரிலும் ஆள் கிடைப்பது அரிது. அந்தச் சிலருக்காகவே இக்கட்டுரை.

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ பிறந்து வளர்ந்திருப்பது இந்தத் துறைக்கு ஒரு குறையாகவே பலருக்குத் தோன்றுகிறது. நான் அதற்கு நேர்மாறாக நினைக்கிறேன். ஓசூரில் டிவிஎஸ் மோட்டார், அசோக் லேலண்ட், டைட்டன் ஆலைகள் இருக்கின்றன. அதன் அருகிலேயே டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையும், போச்சம்பள்ளியில் ஓலாவின் மின் ஸ்கூட்டர் ஆலையும் வந்துவிட்டன. இவற்றுக்கு உதிரிபாகம் செய்துதரும் சிறு தொழிற்கூடங்கள், கிருஷ்ணகிரியின் மாங்கூழ் ஆலைகள், கிரானைட் பட்டறைகள், பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் ஆகிய எல்லாம் ஒரு பேருந்துப் பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன. நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, அப்ரென்டிஸ், பருவத்துக்கு மட்டும் வேலைக்கு வருபவர், விடுதியில் தங்கி ஷிப்ட் பார்க்கும் வெளிமாநிலப் பெண் என்று வேலையுறவின் இத்தனை வடிவங்களையும் இவ்வளவு அருகில் பார்க்கும் வாய்ப்பு பெருநகரத்து ஆய்வு மாணவர்கள் பலருக்குக் கிடைப்பதில்லை. உங்கள் ஆய்வுக் கேள்வி இந்த மண்ணிலிருந்து வர வேண்டும். அதை உலகம் ஏற்கும் முறையில் கேட்கும் பயிற்சியை நீங்கள் வெளியே போய்ப் பெற வேண்டும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்த ஒரு கருத்தைச் சுற்றியே அமைகின்றன.

இந்த வாழ்க்கை உங்களுக்கு உரியதா

பேராசிரியர் வேலையை வகுப்பறையை மட்டும் வைத்து எடைபோடக் கூடாது. வாசிப்பு, தரவு சேகரிப்பு, பகுப்பாய்வு, எழுதியதைத் திரும்பத் திரும்பத் திருத்துவது, இதழ்களிலிருந்து வரும் மறுப்புக் கடிதங்களைப் பொறுமையாகப் படித்து மறுபடி எழுதுவது ஆகியவற்றில்தான் ஆய்வாளரின் பெரும்பகுதி நேரம் கழிகிறது. முதுகலைக்கு இரண்டு ஆண்டு. முனைவர் பட்டத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி குறைந்தது மூன்று ஆண்டு, பொதுவாக அதிகபட்சம் ஆறு ஆண்டு. இடையில் வேலை அனுபவத்தையும் சேர்த்தால், நிலையான பணியில் அமரும்போது முப்பதைத் தொட்டிருப்பீர்கள் அல்லது தாண்டியிருப்பீர்கள்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிட வேண்டும். இளநிலை ஆய்வாளர் உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள விகிதப்படி மாதம் 37,000 ரூபாயும், பின்னர் முதுநிலை ஆய்வாளராக உயர்ந்ததும் 42,000 ரூபாயும், வீட்டு வாடகைப் படி தனியாகவும் வரும். மானியக் குழுவின் ஏழாவது ஊதியக்குழு அளவுப்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். ஆனால் சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் இந்த அளவு கிடைப்பதில்லை. அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளராக ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் இருப்பவர்களையும் நீங்கள் அறிவீர்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரியாக இருந்து, வீட்டுக் கடனையும் தங்கையின் படிப்பையும் சுமப்பவர் என்றால், உதவித்தொகை கைக்கு வராமல் முழுநேர ஆய்வில் இறங்க வேண்டாம் என்றே சொல்வேன். அதனால் கனவு கைவிட்டுப் போகாது. கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

பட்டத்தைத் தேர்ந்தெடுப்பது

மனிதவளத்தைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட எம்.பி.ஏ. ஒரு வழி. சமூகப்பணியில் மனிதவளப் பிரிவை எடுப்பது இன்னொரு வழி. உளவியல் முதுகலையும், தொழிலாளர் மேலாண்மை முதுகலையும் இந்தத் துறைக்குள் வரும் வாசல்களே. நமக்குப் பக்கத்தில் சேலம் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1997-இல் தொடங்கிய அப்பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள்தான் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் வருகின்றன, தருமபுரியை அடுத்த பைசுஅள்ளியில் அதன் விரிவாக்க மையமும் இயங்குகிறது. சென்னையில் மெட்ராஸ் சமூகப்பணிக் கல்லூரியும், தமிழ்நாடு அரசின் தொழிலாளர் கல்வி நிலையமும் இந்தத் துறையில் நீண்ட பெயர் பெற்றவை. வெளிமாநிலம் போக முடிந்தவர்களுக்கு மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனமும், ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ.யும் இருக்கின்றன. ஓசூர்க்காரருக்கு பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகம் சென்னையைவிடப் பக்கம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.பி.ஏ. சேர்வதற்கு டான்செட் தேர்வும், மேலாண்மைக் கழகங்களுக்கு கேட் தேர்வும் எழுத வேண்டும்.

எங்கே படித்தாலும் ஒன்றில் கவனமாக இருங்கள்: முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண்ணுக்குக் கீழே இறங்கக் கூடாது. பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு, உதவிப் பேராசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வை எழுத 50 விழுக்காடு போதும் என்றாலும், நேர்காணலில் மதிப்பெண் பட்டியல் உங்களுக்கு முன்பே பேசிவிடும். அதோடு, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதலில் இயங்கும் கல்லூரியின் மேலாண்மைத் துறையில் சேர எம்.பி.ஏ.வில் முதல் வகுப்பும், அதன் பிறகு இரண்டு ஆண்டு தொழில் அனுபவமும் கேட்கப்படுகின்றன. படித்து முடித்தவுடன் நேராக ஆய்வுக்குப் போய்விட்ட பலர் இந்த இரண்டாண்டு விதியைத் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

ஆகவே, முதுகலை முடிந்ததும் ஓசூர் சிப்காட்டிலோ பர்கூரிலோ ஓர் ஆலையின் மனிதவளப் பிரிவில் இரண்டு ஆண்டு வேலை செய்துவிட்டு வருவதே நான் பரிந்துரைக்கும் வழி. வருகைப் பதிவேடு, ஓவர்டைம் கணக்கு, ஒப்பந்ததாரரின் சம்பளப் பட்டியல், பி.எஃப்., இ.எஸ்.ஐ. தாக்கல், கேன்டீன் கமிட்டிக் கூட்டம் ஆகியவற்றைக் கையால் செய்து பார்த்தவர் பிற்காலத்தில் வகுப்பில் பேசும்போதும், ஆய்வில் கேள்வி வைக்கும்போதும் தடுமாற மாட்டார். விதியும் நிறைவேறும், சேமிப்பும் கொஞ்சம் கையில் இருக்கும்.

நெட் தேர்வு

இது சுருக்கமாகச் சொல்லிவிடக்கூடிய படி. முதல் தாளில் 50 வினா, 100 மதிப்பெண். இரண்டாம் தாளில் 100 வினா, 200 மதிப்பெண். இரண்டுக்கும் சேர்த்து மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. பாடக் குறியீட்டைத் தேர்வு செய்வதில்தான் சிக்கல் இருக்கிறது. மேலாண்மைக்குக் குறியீடு 17. தொழிலாளர் நலன், பணியாளர் மேலாண்மை, தொழிலுறவு, மனிதவள மேலாண்மை ஆகியவை சேர்ந்த பாடத்துக்குக் குறியீடு 55. முதலாவதில் நிதி, சந்தைப்படுத்தல், புள்ளியியல் எல்லாம் உண்டு. இரண்டாவதில் தொழிலாளர் சட்டமும் தொழிற்சங்க வரலாறும் கனமாக வரும். எம்.பி.ஏ. படித்து மேலாண்மைத் துறையிலேயே பணிபுரிய விரும்புபவருக்கு 17 பொருந்தும். சமூகப்பணி, தொழிலாளர் மேலாண்மை படித்தவருக்கு 55 இயல்பானது. நீங்கள் சேர விரும்பும் துறையின் பழைய ஆள்சேர்ப்பு அறிவிப்புகளை எடுத்து, எந்தப் பாடத்தில் நெட் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்த பிறகே விண்ணப்பத்தை நிரப்புங்கள்.

2024 ஜூன் முதல் இத்தேர்வின் முடிவு மூன்று வகையாக வருகிறது: ஜே.ஆர்.எஃப்.புடன் உதவிப் பேராசிரியர் தகுதி, முனைவர் பட்டச் சேர்க்கையுடன் உதவிப் பேராசிரியர் தகுதி, முனைவர் பட்டச் சேர்க்கை மட்டும். பின்னிரண்டு வகையினரின் மதிப்பெண் ஆய்வுச் சேர்க்கைக்கு ஓராண்டு மட்டுமே செல்லும். ஜே.ஆர்.எஃப்.புக்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து ஆண்டு தளர்வு உண்டு. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும் என்பதால், தமிழ் வழியில் படித்தவர்கள் கலைச்சொற்களை ஆங்கிலத்தில் எழுதிப் பழகுவதை முதுகலையின் முதல் பருவத்திலேயே தொடங்கிவிட வேண்டும். 29 பழைய சட்டங்களை உள்ளடக்கிய நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. பழைய கையேட்டை மட்டும் நம்பிப் படிப்பவர் இதில் ஏமாறுவார்.

வாசிப்பு

இத்துறையின் பாடநூல்களில் மாஸ்லோவின் 1943-ஆம் ஆண்டுத் தேவைப் படிநிலை, மெக்ரிகரின் எக்ஸ், ஒய் கோட்பாடுகள், 1924-இல் தொடங்கி 1932 வரை அமெரிக்காவின் ஹாதோர்ன் ஆலையில் நடந்த ஆய்வுகள் எல்லாம் வரும். தேர்வுக்கு இவை போதும், ஆய்வுக்குப் போதாது. இந்த மண்ணில் நடந்த வேலையையும் தேடிப் படியுங்கள். 1950-களின் தொடக்கத்தில் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ் அகமதாபாத் கேலிகோ ஆலையில் நெசவாளர்களைச் சிறு குழுக்களாக அமைத்து, ஒரு தொகுதித் தறிகளின் பொறுப்பைக் குழுவிடமே விட்டுப் பார்த்தார். உற்பத்தியும் தரமும் உயர்ந்தன. பல ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஆலையைத் திரும்பிப் பார்த்த ஆய்வு, அந்த ஏற்பாடு எல்லாத் தறிக்கூடங்களிலும் நிலைக்கவில்லை என்று காட்டியது. ஒரு கண்டுபிடிப்பு எந்தச் சூழலில் நிற்கிறது, எதில் சரிகிறது என்று கேட்கும் பழக்கத்தை இதைவிட நன்றாகக் கற்றுத்தரும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து குறைவு. 1975-இல் எல் அண்ட் டி நிறுவனத்துக்காக உதய் பரீக்கும் டி.வி. ராவும் மனிதவள மேம்பாட்டுக்கென்று தனி அமைப்பை வடிவமைத்ததையும், கனிவும் வேலைக் கண்டிப்பும் சேர்ந்த தலைமை இந்தியருக்குப் பொருந்துகிறது என்று ஜே.பி.பி. சின்ஹா வாதிட்டதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு கோட்பாட்டை நம் ஊரில் வைத்துப் பார்ப்பது எப்படி என்று ஓர் எடுத்துக்காட்டால் காட்டுகிறேன். வேலையை விட்டுப் போவதைப் பற்றிய ஆய்வுகள் நெடுங்காலம் மனநிறைவின்மையையே காரணமாகப் பார்த்தன. 2001-இல் டெரன்ஸ் மிட்செல்லும் உடன் ஆய்வாளர்களும் கேள்வியைத் திருப்பினார்கள்: மனிதர்கள் ஒரு வேலையில் ஏன் தங்குகிறார்கள்? அவர்கள் சொன்ன விடையில் மூன்று கூறுகள் இருந்தன. ஒன்று, அந்த வேலையிடத்திலும் ஊரிலும் ஒருவருக்கு இருக்கும் மனிதப் பிணைப்புகள்; அடுத்தது, இடத்தோடும் வேலையோடும் உள்ள பொருத்தம்; மூன்றாவது, விட்டுப் போனால் இழக்க வேண்டியிருப்பவை. இதை அரூரிலிருந்து வந்து ஓசூர் விடுதியில் தங்கி வேலை பார்க்கும் இருபது வயதுப் பெண்ணுக்குப் பொருத்திப் பாருங்கள். அவளுடைய பிணைப்பு ஆலை இருக்கும் ஊரில் இல்லை, சொந்த ஊரில் இருக்கிறது. விடுதி அறையில் அவளோடு தங்கும் நான்கு பேர் ஒரே லைனில் வேலை செய்தால், ஒருத்தி போனதும் மற்றவர்களும் போகிறார்களா, அல்லது அந்த நட்பே அவளைப் பிடித்து வைக்கிறதா? வேலையை விடுவதை முடிவு செய்வது அவளா, கல்யாணப் பேச்சைத் தொடங்கிய வீடா? மூலக் கோட்பாடு தனிமனிதரின் முடிவாகப் பார்த்ததை இங்கே குடும்பத்தின் முடிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. இப்படி ஒரு கோட்பாடு எங்கே இடறுகிறது என்று காணும் இடமே நல்ல முனைவர் பட்ட ஆய்வின் தொடக்கம்.

கட்டுரைகள் கிடைக்கும் வழி: ஷோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை யாரும் இலவசமாகப் படிக்கலாம். 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு, ஒரே சந்தா' திட்டத்தின் கீழ் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குப் பன்னாட்டு இதழ்கள் திறந்துவிடப்பட்டுள்ளன. ஆகவே சுயநிதிக் கல்லூரியில் இருப்பவர்களும் அரசுப் பல்கலைக்கழக நூலகத்தோடு ஒரு தொடர்பை வைத்துக்கொள்வது பயன் தரும்.

நெறியாளரும் சேர்க்கையும்

பல்கலைக்கழகத்தின் பெயரைவிட நெறியாளர் முக்கியம். பேராசிரியர் எட்டுப் பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும் வழிநடத்தலாம் என்பது விதி. ஆகவே காலியிடம் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்பதில் தவறில்லை. அவர் கடைசியாக எழுதிய இரண்டு மூன்று கட்டுரைகளைப் படித்துவிட்டு, உங்கள் கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். அவரிடம் முன்பு ஆய்வு செய்தவர்களைத் தேடிப் பிடித்து, எத்தனை ஆண்டு ஆயிற்று, திருத்தம் எவ்வளவு நாளில் திரும்பி வரும், ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத வேலை வாங்குவாரா என்று கேளுங்கள். இக்கேள்விகளைக் கேட்கக் கூச்சப்பட்டவர்கள் பின்னால் ஆண்டுகளை இழக்கிறார்கள். வேலையில் இருப்பவர் பகுதிநேரமாகச் சேரலாம். அதற்கு நிறுவனத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். பெண்களுக்கு ஆய்வுக்காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பு உண்டு என்பதை விண்ணப்பிக்கும் முன்பே தெரிந்துவைத்திருப்பது நல்லது.

களம்

இந்தப் படியில்தான் நம் மாவட்ட மாணவர்களின் ஆய்வேடுகள் பெரும்பாலும் வலுவிழக்கின்றன. வழக்கமாக நடப்பது இதுதான்: மனிதவள அதிகாரியிடம் வினாப்பட்டியல் கட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு வருகிறோம், அவர் அதை சூப்பர்வைசரிடம் தருகிறார், ஷிப்ட் மாறும் பத்து நிமிடத்தில், சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்க, தொழிலாளிகள் நின்றபடியே நிரப்பித் தருகிறார்கள். திரும்பி வரும் தாள்களைப் பாருங்கள். 'என் மேலதிகாரி என்னை நியாயமாக நடத்துகிறார்' என்ற வரிக்கு எல்லோரும் 'முற்றிலும் உடன்படுகிறேன்' என்று ஒரே பேனாவால் குறித்திருப்பார்கள். அடுத்த பக்கத்தில் எதிர்மறையாகக் கேட்ட வரிக்கும் அதே கட்டத்தில் அதே குறி இருக்கும். இந்தத் தாள்களிலிருந்து எவ்வளவு நுட்பமான புள்ளியியல் செய்தாலும் உண்மை வெளியே வராது.

இதைத் தவிர்க்கச் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல, பொறுமை கேட்பவை. அனுமதியை நிர்வாகத்திடம் வாங்குங்கள். பதிலை நிர்வாகத்தின் கைவழியாக வாங்காதீர்கள். விடுதி வராந்தா, நிறுவனப் பேருந்து நிற்கும் டீக்கடை, வார விடுமுறை நாளில் அவரவர் வீடு ஆகிய இடங்களில் உட்கார்ந்து கேளுங்கள். பெயரோ பணியாளர் எண்ணோ தாளில் வேண்டாம். விருப்பமில்லை என்றால் நடுவில் எழுந்து போகலாம் என்று முதலிலேயே சொல்லி, ஒப்புதல் பெறுங்கள். ஓசூர்ப் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி எல்லாம் பேசுகிற மக்கள் இருப்பதால், ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திருப்பி ஆங்கிலத்துக்குக் கொண்டுவர, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தும் முறையைக் கைக்கொள்ளுங்கள். பிறகு பத்துப் பதினைந்து பேரிடம் முன்னோட்டமாகக் கேட்டு, அவர்கள் எந்த வரியில் தயங்கி நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குறையும் பரவலாக இருக்கிறது. காரணத்தையும் விளைவையும் ஒரே ஆளிடம், ஒரே நாளில், ஒரே தாளில் கேட்டால் அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவது போலத் தோன்றும். நல்ல இதழ்கள் இந்தக் காரணத்துக்காகவே கட்டுரைகளைத் திருப்பி அனுப்புகின்றன. மேலதிகாரியைப் பற்றிய கருத்தை இப்போது கேட்டு, வருகை, வேலை விலகல் ஆகியவற்றை ஆறு மாதம் கழித்து நிறுவனப் பதிவேட்டிலிருந்து எடுக்க முடிந்தால் ஆய்வு நிமிர்ந்து நிற்கும். அப்போது பெயருக்குப் பதில் ஓர் அடையாளக் குறியீடு தேவைப்படும். அந்தக் குறியீட்டுப் பட்டியல் உங்கள் கையை விட்டு நிர்வாகத்திடம் ஒருபோதும் போகக் கூடாது. உங்களை நம்பிப் பேசியவருக்கு அதனால் வேலை போனால், அதற்கு எந்தப் பட்டமும் ஈடாகாது. பகுப்பாய்வுக்கு விலை உயர்ந்த மென்பொருள் தேவையில்லை. ஆர், ஜாமோவி, ஜாஸ்ப் ஆகியவை இலவசம்.

வெளியீடும் வேலையும்

முனைவர் பட்டத்துக்கு இதழ்க் கட்டுரை கட்டாயம் என்ற நிபந்தனையை 2022 விதிகள் நீக்கிவிட்டன. ஆனால் பல்கலைக்கழகத்தின் சொந்த விதி வேறாக இருக்கலாம், வேலைச் சந்தை நிச்சயமாகக் கேட்கும். தான் ஏற்கும் ஆய்விதழ்களைத் தொகுத்த 'கேர்' பட்டியலை மானியக் குழு 2025-இல் கைவிட்டதால், தரத்தை மதிப்பிடும் பொறுப்பு இப்போது உங்களிடமும் நெறியாளரிடமும் இருக்கிறது. மேலாண்மைத் துறையில் ஆஸ்திரேலிய வணிகத் துறைத்தலைவர்கள் மன்றத்தின் ஏ.பி.டி.சி. இதழ்த் தரப் பட்டியலைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம், இவ்வளவு ரூபாய் அனுப்புங்கள் என்று வாட்ஸ்அப்பில் வரும் அழைப்புகளுக்குப் பதிலே போடாதீர்கள். அந்தக் கட்டுரை தன்விவரக் குறிப்பில் இருப்பது பிற்காலத்தில் உங்களுக்கு எதிராகவே பேசும். ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்த பகுதி பத்து விழுக்காட்டைத் தாண்டினால் மானியக் குழுவின் 2018 விதிப்படி நடவடிக்கை உண்டு.

வேலை தேடும்போது அரசுக் கல்லூரிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் அறிவிப்பையும், பல்கலைக்கழகங்களுக்கும் மேலாண்மைக் கழகங்களுக்கும் அவரவர் தனி அறிவிப்பையும் பார்க்க வேண்டும். மேலாண்மைக் கழகங்கள் உள்ளிட்ட பல இடங்களில் உங்கள் ஆய்வைப் பேராசிரியர்கள் முன் விளக்கச் சொல்வார்கள். மாதிரி வகுப்பும் எடுக்கச் சொல்லலாம். அந்த வகுப்புக்கு மாஸ்லோவின் தேவைப் படிநிலை முக்கோணத்தைக் கொண்டுபோகாதீர்கள். அதை அவர்கள் பலமுறை பார்த்திருப்பார்கள். மாங்கூழ்ப் பருவம் முடிந்ததும் வேலை நின்றுபோகும் ஓர் ஆலையில், அடுத்த பருவத்துக்கு அதே பெண்கள் திரும்பி வருவதற்கு நிர்வாகம் என்ன செய்யலாம் என்ற கேள்வியைப் பலகையில் எழுதி, அங்கிருந்து கோட்பாட்டுக்குப் போங்கள். இருபது நிமிடத்தில் முடிக்கும்படி வீட்டிலேயே கடிகாரம் வைத்துப் பேசிப் பழகுங்கள். கேள்வி நேரத்தில் உங்கள் மாதிரி அளவையும், அளவுகோலின் நம்பகத்தன்மையையும், தொழிலாளிகளிடம் ஒப்புதல் பெற்ற முறையையும் பற்றிக் கேட்பார்கள் என்பதால் அந்த மூன்றுக்கும் உரிய தாள்களை ஒரு கோப்பில் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.